நீ நகர்த்தி வைத்த தட்டு

மகனே,

பெங்களூரில் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, கண்காட்சியில் உன் மேசைக்குக் கூட்டம் வந்ததா என்றெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் ஒரு தாய் கடிதம் எழுத வேண்டும். நான் விசாரிக்கப் போவதில்லை. சில நாட்களாக நீ போன் பண்ணுகிறாய், நான் எடுக்கவில்லை. எடுத்தால் நீ பேச்சை மாற்றிவிடுவாய், நான் அழுதுவிடுவேன். அதனால் தாளில் எழுதி, அதைப் படம் பிடித்து, நம் இரண்டு வீட்டாரும் இருக்கிற கல்யாண வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறேன். தினமும் காலையில் ரோஜாப்பூ படம் போடுகிற உன் மாமாவும் படிக்கட்டும், பத்திரிகையில் எந்தச் சாமி படம் என்று சண்டைக்கு நின்ற உன் சித்தியும் படிக்கட்டும். ‘பொண்ணுக்குக் கையில சின்ன அடி, கதவுல மாட்டிக்கிச்சு, யாரும் கவலைப்பட வேணாம்’ என்று இதே குரூப்பில் போட்டவள் நான்தான். அது பொய். பொய் சொன்ன இடத்திலேயே உண்மையையும் சொல்வதுதான் முறை.

உறவுக்காரர்களுக்கு உன் தொழில் இன்னும் புரியவில்லை. பையன் என்ன செய்கிறான் என்று கேட்டால் ‘பொம்மை டாங்கி செய்றான்’ என்பேன். நீ முகத்தைச் சுளித்து, “பொம்மை இல்லம்மா, கன்வெர்ஷன் கிட்” என்பாய். எல்லோருக்குமாக ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். கடையில் டாங்கி ஒன்று பிளாஸ்டிக் பாகங்களாகப் பெட்டியில் வரும். ஒட்டி நிறுத்தினால் ஒரு சாணுக்குள் அடங்கும். அந்தக் காலத்து உலகப் போரில் டாங்கி பழசாகிப் போனால் தூக்கிப் போடாமல், சுழலும் தலையைக் கழற்றிவிட்டு, அதே உடம்பின் மேல் பெரிய பீரங்கியை ஏற்றித் தானே ஓடுகிற பீரங்கி வண்டி ஆக்கினார்களாம். அந்த மாற்றத்துக்கு வேண்டிய பாகங்களை நீ ரெசினில், ஊற்றினால் இறுகுகிற அந்தப் பிசினில், வார்க்கிறாய். பீரங்கிக் குழல், அதைத் தாங்கும் தொட்டில், மூன்று பக்கமும் நிற்கும் தகடு, புளியங்கொட்டை நீளத்தில் குண்டுகள். எங்கெங்கோ இருக்கிற வெளிநாட்டுக்காரர்கள் மரக்காணத்திலிருந்து அதை வரவழைத்து, தங்கள் டாங்கியை அறுத்துப் பொருத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதில் எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியும். கடல்காற்று ஏறினால் ரெசின் பொங்கிக் குமிழியடிக்கிறது என்று நீ தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, ‘உப்பு பூக்கிற காத்துல வார்த்துப் பாருடா’ என்று சொன்னது நான். ஈரமில்லாத மேல்காற்று அடிக்கிற காலை நேரத்தில் நான் நம் உப்பளப் பாத்தியில் உப்பு வாருவேன், நீ மாடியில் ரெசின் வார்ப்பாய். தாயும் பிள்ளையும் ஒரே காற்றில் பிழைத்தோம்.

அந்த வண்டிக்கு ஏன் கூரை இல்லை என்று ஒருநாள் கேட்டேன். “அவசரத்துல செஞ்சதும்மா. முன்னாடி தகடு இருக்குது, மேல ஒண்ணும் கிடையாது. உள்ள நிக்கிறவன் தலையில எது விழுந்தாலும் அவ்ளோதான்” என்றாய். “அதுல ஏறி நிக்கிறவனைப் பெத்தவ என்னடா பண்ணுவா?” என்றேன். சிரித்தாய். அப்படிச் சிரிக்கிறபோது நீ எவ்வளவு நல்ல பிள்ளை! உன் கையை நான் பார்த்துக்கொண்டே நிற்பேன். கொசுக்கால் தடிமன் இருக்கிற கம்பியை இடுக்கியால் எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அதன் இடத்தில் வைப்பாய். ஒரு பாகம் கீழே விழுந்தால் தரையில் படுத்துத் தேடுவாய். இவ்வளவு சின்னதைக் காப்பாற்றத் தெரிந்த கை ஒருத்தியை அடிக்காது என்று நினைத்தேன். உன் அப்பாவின் கையில் வளர்ந்த பிள்ளைக்கு அந்தக் கை வரவில்லை என்று மரக்காணம் அம்மனுக்குப் பொங்கல் வைத்தவள் நான்.

அன்று நடந்ததைச் சொல்கிறேன். நீ சொன்னபடி அல்ல, நடந்தபடி. உனக்கு நிச்சயம் பண்ணிய அந்தப் பெண்ணுக்கு விடுமுறை. ஆரோவில்லில் ஆபீஸ் வேலை பார்க்கிறவள், இங்கிலீஷ் நன்றாக எழுதுவாள் என்று வாடிக்கையாளர் கடிதங்களையெல்லாம் அவளிடம் விட்டிருந்தாய். நிச்சயம் ஆன வீட்டுக்கு வந்துபோகிறாளே என்று சிலர் பேசினார்கள், நான்தான் வாயை அடைத்தேன். புதிதாக வெளியிட்ட கிட்டில், ஓட்டுநர் தலை நீட்டுகிற மூடி இடப்பக்கம் வர வேண்டியது வலப்பக்கம் வந்திருக்கிறது என்று யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் படத்தோடு எழுதியிருந்தார். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். அவள் அந்த வண்டியின் பழைய படங்களைப் பார்த்தாள், அவர் சொன்னது சரி என்று கண்டாள், ‘தவறு எங்களுடையது, சரியான பாகத்தை அனுப்புகிறோம்’ என்று பதில் போட்டுவிட்டாள். உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்காததற்கு ஒரு வாய்ச்சண்டை போட்டிருந்தால் நான் குறுக்கே வந்திருக்க மாட்டேன்.

நான் டீ எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். கடைசிப் படியில் நின்றபோது உன் குரல் கேட்டது. நீ கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. “எந்தக் கை டைப் பண்ணுச்சு?” என்று கேட்டாய். அவள் விளையாட்டு என்று நினைத்து வலது கையைத் தூக்கிக் காட்டினாள். நீ மணிக்கட்டைப் பிடித்து மேசைமேல் வைத்தாய். இன்னொரு கையால், வார்த்து வைத்த சின்னச் சாமான்கள் இருந்த தட்டை ஓரமாக நகர்த்தினாய். ஒட்டிய பாகங்களுக்குப் பாரம் வைக்கிற அந்த இரும்புக் கட்டையை எடுத்தாய். நான் “டேய்!” என்று கத்தியபோது அது இறங்கிவிட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். எலும்பு உடைகிற சத்தத்தை ஒருமுறை கேட்டவளுக்கு மறக்காது. அவள் அலறவில்லை, காற்றை உள்ளே இழுத்தாள், அவ்வளவுதான். நடுவிரலும் மோதிரவிரலும் போகக் கூடாத திசையில் போயிருந்தன. நிச்சயத்துக்கு நாம் போட்ட மோதிரம் வீங்கிய சதைக்குள் புதைந்துபோய், ஆஸ்பத்திரியில் வெட்டித்தான் எடுத்தார்கள்.

டாக்டர் கேட்டார். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு, “மாடி ரூம் கதவுல மாட்டிக்கிச்சு சார்” என்றாள். உன் மாடி அறைக்குக் கதவே கிடையாது. ரெசின் நாற்றம் வெளியே போகட்டும் என்று நீதான் கழற்றினாய். கழற்றிய வேப்பமரக் கதவை வீணாக்க வேண்டாம் என்று இரண்டு பீப்பாய்மேல் படுக்கப் போட்டு மேசை ஆக்கிக்கொண்டாய். அவள் கை அந்தக் கதவின் மேல்தான் உடைந்தது. பொய் சொல்லத் தெரியாத பெண், பாவம், பொய்யிலும் பாதி உண்மையை வைத்தாள். நான் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் நீ இளநீரோடு வந்தாய். ஸ்டிராவை அவள் வாயருகே பிடித்துக்கொண்டு, கண் கலங்க நின்றாய். நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு, “குடுத்து வச்சவம்மா நீ” என்றாள் அவளிடம். உன் அப்பாவும் அடித்த மறுநாள் எனக்குக் கூனிமேட்டிலிருந்து பிரியாணி வாங்கி வருவார்.

விஷயம் கசிந்தபின் நம் சொந்தக்காரர்கள் சொன்னதை ஒவ்வொன்றாக இங்கே வைக்கிறேன், சொன்னவர்களும் இந்தக் குரூப்பில் இருக்கிறீர்கள். ‘ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணணும்’ என்றார் உன் மாமா. மாப்பிள்ளை சிவப்பு, பெண் சாது என்று சொல்கிற பொய் அது அண்ணா, உடைந்த கையை மறைக்கிற பொய் அதில் சேராது. ‘ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடுவான்’ என்றாள் உன் சித்தி. இவன் காலுக்குக் கட்டுப் போடுவதற்குள் அவள் கைக்குக் கட்டுப் போட்டாயிற்றே, இன்னும் எந்த உறுப்பு மிச்சம்? ‘கோவத்துல அடிச்சிட்டான், அவ்ளோதானே’ என்று எல்லோருமே சொன்னார்கள். அதற்குத்தான் இவ்வளவு தூரம் எழுதுகிறேன். கோபத்தில் அடிக்கிறவனுக்குக் கண் தெரியாது. கைக்குக் கிடைத்ததை எடுத்துக் கிடைத்த இடத்தில் அடிப்பான். நீ எந்தக் கை என்று கேட்டாய். தட்டை நகர்த்தினாய். உன் குண்டும் குழலும் அதிர்ந்து சிதறக் கூடாது என்று அந்த நேரத்திலும் உனக்குத் தெரிந்தது. அந்தத் தட்டில் இருந்த ஒரு சாமானாக அவள் இருந்திருந்தால் தப்பித்திருப்பாள். மகனே, நீ அடித்ததைக்கூட ஒருநாள் நான் மறந்துவிடுவேனோ என்னவோ, அந்தத் தட்டை நகர்த்தியதை என்னால் மறக்க முடியவில்லை.

இனி உன் அப்பாவைப் பற்றி. செத்துப்போனவரைப் பேசக் கூடாது என்பார்கள். இருக்கும்போது பேசவிடவில்லை, செத்தபின்னும் கூடாதென்றால் நான் எப்போதுதான் பேசுவது? வரப்பில் வழுக்கி விழுந்து அப்பாவுக்குக் கை உடைந்தது என்று உனக்குச் சொல்லியிருக்கிறோம். உப்பளத்து வரப்பு வழுக்கும், நீயும் நம்பினாய். அது நான் உடைத்த கை. பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சுவதில் நான் சொன்னது சரியாகிவிட்டது, ஆட்கள் முன்னால் அவர் சொன்னது தப்பாகிவிட்டது, அவ்வளவுதான் காரணம். முடியைப் பிடித்து இழுத்துப்போய், குவித்து வைத்திருந்த உப்பு அம்பாரத்தில் என் முகத்தை வைத்துத் தேய்த்தார். உதடு கிழிந்து உப்பு உள்ளே போனது. கண்ணைத் திறக்க முடியவில்லை. வேலைக்கு வந்த ஆட்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்கள். “புருஷன் பொண்டாட்டி சண்டை, நாம போவக் கூடாது” என்று ஒருத்தன் சொன்னது காதில் விழுந்தது. கையைத் துழாவினேன், உப்பு வாருகிற நீளக்காம்புப் பலகை கிடைத்தது. எழுந்து நின்று ஓங்கி அடித்தேன். முதல் அடி தோளில், இரண்டாவது முன்கையில். அந்தச் சத்தத்தைத்தான் மேலே சொன்னேன். இன்றைக்கும் எனக்கு அதில் வருத்தம் கிடையாது. இதைப் படித்துவிட்டு யாராவது ‘பொம்பளையா இவ’ என்று கேட்டால், ஆமாம், பொம்பளைதான்.

அதற்குப் பிறகு அவர் என்மேல் கை வைக்கவில்லை. திருந்திவிட்டார் என்று ஊர் சொன்னது, நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மாவுக்கட்டைப் பிரித்த கொஞ்ச நாளில் உன் முதுகில் பெல்ட் தழும்பைப் பார்த்தேன். எனக்கு விழ வேண்டியது உனக்கு விழுந்துகொண்டிருந்தது. நான் உப்பளத்தில் இருக்கிற நேரமாகப் பார்த்து, ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு, அடித்திருக்கிறார். அதுவும் ஒரு தட்டை நகர்த்துகிற வேலைதான் மகனே. அவர் அடிப்பதை நிறுத்தவில்லை, ஆளை மாற்றினார். அடித்தால் ஆம்பளை மாறுவான் என்பதும் பொய், அன்பு காட்டினால் மாறுவான் என்பதும் பொய், நான் இரண்டையும் செய்து பார்த்தவள். நீ பட்ட அடி எனக்குத் தெரியும். ஆனால் உன் முதுகுத் தழும்புக்கு அவள் விரலில் பதில் எழுத உனக்கு உரிமை இல்லை.

நீ பெங்களூருக்குப் பஸ் ஏறிய மறுநாள் பிரம்மதேசத்துக்கு, பெண் வீட்டுக்குப் போனேன். நிச்சயத்தன்று நாமும் அவர்களும் மாற்றிக்கொண்டோமே, அந்தத் தாம்பூலத் தட்டை மஞ்சள் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பெண் வீட்டார் தட்டைத் திருப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறோம். மாப்பிள்ளையைப் பெற்றவளே தட்டைச் சுமந்துகொண்டு போய் ‘என் பிள்ளைக்கு உங்க பொண்ணைக் குடுக்காதீங்க’ என்று சொன்னது நம் பக்கத்தில் இதுவே முதலாக இருக்கும். அவர்கள் வீட்டில் அப்போதுதான் நெல் அடித்து முடித்திருந்தார்கள். சம்பந்தி தட்டைப் பார்த்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார்.

“என்னாங்க சம்பந்திம்மா, எங்க பக்கம் ஏதாவது குறையா?”

“குறை எங்க பக்கம்ங்க. கையைக் கதவு உடைக்கல, என் பிள்ளை உடைச்சான். நான் பாத்தேன்.”

அவர் மறுபடியும் உட்கார்ந்தார். பிறகு மெதுவாக, “ஆம்பளைன்னா கொஞ்சம் முன்கோவம் இருக்கத்தானே செய்யும். பத்திரிகை வேற குடுத்துட்டோம்...” என்றார். அவர் மனைவி சமையல்கட்டிலிருந்து வந்து, மகளின் கட்டுப் போட்ட கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அந்தப் பெண்தான் என்மேல் பாய்ந்தாள்.

“ஏன் அத்தை சொன்னீங்க? நான்தான் சொல்லலையே! அவரு நல்லவரு. சின்ன வயசுல அடிபட்டு அப்படி ஆயிட்டாரு. நான் மாத்திடுவேன்.”

நீ எனக்குச் சொன்னதைத்தான் அவளுக்குச் சொன்னேன். புதுசாக ஒரு கிட் தொடங்கும்போது நீ என்ன சொல்வாய்? ‘மேல எவ்ளோ நல்ல பாகம் வச்சாலும் அடியில சேஸ், அதான் அடிச்சட்டம், சரியில்லன்னா உக்காராதும்மா. அறுத்து அறுத்துப் பாத்து நம்ம பாகம்தான் வீணாவும்.’ அதைச் சொன்னேன். “அவனை மாத்துறதுன்னா அவன்தான் மாத்திக்கணும். அதுக்கு நீ பாகமா போவாத கண்ணு” என்றேன். பிறகு உப்பு அம்பாரத்தையும், பலகையையும், உன் அப்பாவின் கையையும் சொன்னேன். சம்பந்தி தலையைக் குனிந்துகொண்டார். அவள் மட்டும் கேட்டாள்: “அதுக்கப்புறம் மாமா மாறினாரா?” உன் முதுகைப் பற்றிச் சொன்னேன். உனக்கு அடி விழுந்தது அவளுக்குத் தெரியும், அது என்னிடமிருந்து உன்மேல் திரும்பியது தெரியாது. உன் அப்பா அடித்தார் என்று சொன்ன நீ, எதனால் அடிக்கத் தொடங்கினார் என்று சொல்லவில்லை, உனக்கும் தெரியாது. அவள் அழுதாள். நானும் அழுதேன். தட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

அவள் போலீசுக்குப் போனால் நான் சாட்சி சொல்வேன். அதையும் அவளிடம் சொல்லியிருக்கிறேன், உன்னிடமும் சொல்கிறேன், பிறகு அம்மா முதுகில் குத்திவிட்டாள் என்று பேசாதே. போவதும் போகாததும் அவள் இஷ்டம். இந்தக் கடிதத்தில் இதுவரை எழுதியதை அவளுக்குத்தான் முதலில் அனுப்பினேன். பிறகு ஒரு வரி வந்தது. இடது கையால் டைப் பண்ணியிருப்பாள் போலிருக்கிறது, எழுத்தெல்லாம் தப்பும் தவறுமாக இருந்தது. ‘போடுங்க அத்தை. கல்யாணம் வேணாம்.’

உன்னை நான் வெறுக்கவில்லை. வெறுக்க முடிந்தால் இவ்வளவு வலிக்காது. நீ என் பிள்ளை, சாகும்வரை உனக்குச் சோறு உண்டு. ஊரில் இருந்தாலும் வெளியூர் போனாலும், இனி எந்தப் பெண்ணை நீ பார்த்தாலும், அவளிடம் இந்தக் கடிதத்தைக் காட்டிவிட்டுப் பேசு. நீ காட்டாவிட்டால் நான் காட்டுவேன். உன்னைச் சரிசெய்துகொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் அதற்கென்று டாக்டர்கள் உண்டு என்கிறார்கள். போவதென்றால் நான் கூட வருகிறேன், வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே நீதான் போக வேண்டும்.

உன் சாமான்களை நானே கட்டினேன். அச்சுகள், ரெசின் டப்பாக்கள், பாதி முடித்த வண்டி, அந்தத் தட்டு எல்லாம் பெட்டிகளில் போட்டு உப்புக் கொட்டகைக்குப் பக்கத்து அறையில் வைத்திருக்கிறேன். ஒன்றுகூட உடையவில்லை, கவலைப்படாதே. இனி உன் வேலையும் படுக்கையும் அங்கே. மாடி அறையை நான் எடுத்துக்கொண்டேன். பீப்பாய்மேல் கிடந்த கதவைத் தச்சர் வந்து பழைய நிலையிலேயே மாட்டிவிட்டுப் போனார். அதில் ரெசின் சொட்டுகள் காய்ந்துபோய் ஒட்டியிருந்தன, சுரண்டியும் போகவில்லை. நடுவில் இரும்புக் கட்டையின் விளிம்பு பதிந்த ஒரு பள்ளம். “பட்டி வச்சு அடைச்சிடட்டுமாம்மா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்தப் பக்கத்தை வெளியே பார்க்கும்படி மாட்டச் சொன்னேன்.

ஊர் திரும்பியதும் என்னைப் பார்க்க மாடிக்கு வருவாய். வா. தாழ்ப்பாள் உள்பக்கம், என் கையில் இருக்கிறது. வந்தால் தட்டு. தட்டுகிற விரல் படுகிற உயரத்தில்தான் அந்தப் பள்ளம் இருக்கிறது.

உன் அம்மா